பிளவும் தூளும்: பாறையுடைப்பான் ஒன்றின் அளவு குறித்து

எந்திரங்களைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் வந்திருப்பவை அநேகமாக ‘எந்திரம்’ என்கிற பொதுமையைப் பற்றியவை. அந்நியமாதல், கருவிசார் பகுத்தறிவு, நவீனத்துவத்தின் வன்முறை என்று பெரிய சொற்களில் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். குறிப்பிட்ட ஓர் எந்திரத்தின் குறிப்பிட்ட அளவைப் பற்றி, அதாவது 20 டன் பொக்லைனுக்கு எத்தனை கிலோ பிரேக்கர் மாட்டுவது என்கிற கேள்வியைப் பற்றி, யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அது மெக்கானிக் சமாச்சாரம், டீலர் சமாச்சாரம். இந்த ஒதுக்கல் தற்செயலானதல்ல என்பது என் எண்ணம். அறிவு எங்கே இருக்கிறது என்பது பற்றி நமக்குள் ஊறிக் கிடக்கும் சாதிய மனோபாவத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

முதலில் விஷயம். பாறைமேல் விழுகிற ஒவ்வொரு அடியிலும் போதுமான ஆற்றல் இருந்தால் பாறை விரிசல் விட்டுப் பிளக்கும். போதாத அடியை எத்தனை ஆயிரம் முறை கொடுத்தாலும் அது பிளக்காது. உளி பட்ட இடம் மட்டும் நொறுங்கிக்கொண்டே இருக்கும், மாவுபோலத் தூள் கிளம்பும். பிரேக்கர் அளவைத் தேர்வு செய்வது என்பது சாராம்சத்தில் பிளவுக்கும் தூளுக்கும் இடையிலான தேர்வு. தேர்வு செய்கிறவர் ஒருவர், தூளைச் சுவாசிக்கிறவர் இன்னொருவர். இந்த இருவரும் எப்போது வெவ்வேறு ஆட்களானார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

பிரேக்கர் என்பது எல்லோரும் பார்த்திருக்கக்கூடியதுதான். பள்ளம் தோண்டும் வண்டியின் கை நுனியில் பக்கெட்டைக் கழற்றிவிட்டு மாட்டியிருப்பார்கள். தெருவே அதிரும். வண்டியின் பம்பிலிருந்து அழுத்தத்தோடு வருகிற எண்ணெய் உள்ளே இருக்கும் பிஸ்டனை மேலே தூக்குகிறது. தூக்கும்போது அதன் தலைக்கு மேலே அடைத்து வைத்திருக்கும் நைட்ரஜன் வாயு நசுங்குகிறது. ஒரு கட்டத்தில் வால்வு திசை மாற, நசுங்கிய வாயுவும் எண்ணெயுமாகச் சேர்ந்து பிஸ்டனைக் கீழே அறைகின்றன. பிஸ்டன் உளியின் தலையில் மோதுகிறது, உளி பாறைக்குச் சொல்கிறது. சம்மட்டியும் உளியும்தான், ஆளை எடுத்துவிட்டு எண்ணெயை வைத்திருக்கிறார்கள்.

இதில் கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. நிமிடத்துக்கு 150 லிட்டர் எண்ணெய் 160 பார் அழுத்தத்தில் போனால் அதன் திறன் 40 கிலோவாட். வழியில் சூடாகவும் உராய்வாகவும் பாதி போய்விட்டது என்று வைத்துக்கொண்டால் உளிக்கு 20 கிலோவாட். நிமிடத்துக்கு 400 அடி என்றால் ஓர் அடிக்கு 3000 ஜூல். மனிதன் 5 கிலோ சம்மட்டியை விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் இறக்கினால் அது 160 ஜூல். ஆக எந்திரத்தின் ஓர் அடி மனிதனின் பதினெட்டு, பத்தொன்பது அடி. அதே 20 கிலோவாட்டை நிமிடத்துக்கு 1200 அடியாகவும் பிரித்துக் கொடுக்கலாம். அப்போது ஓர் அடிக்கு 1000 ஜூல்தான் மிஞ்சும். சுண்ணாம்புக் கல்லுக்கும் பழைய கான்கிரீட்டுக்கும் அது போதும், வேகமாகவும் நடக்கும். பல்லாவரத்துப் பாறைக்குப் போதாது.

பல்லாவரத்தைச் சும்மா சொல்லவில்லை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் என்கிற அதிகாரியின் கல்லறைமேல் வைக்கப்பட்ட கல், சென்னைப் பக்கத்துப் பாறை. 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அந்த வகைப் பாறைக்கே சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் எல்லாம் அந்தப் பாறைதான். தலைமுறை தலைமுறையாக அதை உடைத்தவர்கள் பெயரில் அது இல்லை, அதன் கீழே புதைந்தவர் பெயரில் இருக்கிறது. பெயரிடுதலின் அரசியல் பற்றி இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். கடினமானதும் குவார்ட்ஸ் கலந்ததுமான பாறை அது. குவார்ட்ஸ் என்றால் சிலிக்கா. தூளாக்கினால் நுரையீரலில் தங்குவது அதுதான்.

கல்லுடைப்பின் நவீன வரலாற்றை ‘மனிதன் எதிர் எந்திரம்’ என்று வாசிக்கும் பழக்கத்துக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜான் ஹென்றி கதைக்குப் பெரிய பங்குண்டு. 1870களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவில் ரயில் சுரங்கப்பாதை வெட்டும்போது நீராவித் துளைப்பானோடு சம்மட்டியை வைத்துப் போட்டியிட்டு ஜெயித்தான், ஜெயித்த கையோடு செத்தான் என்பது கதை. இடதுசாரிகளுக்கு மிகவும் பிடித்த கதை. 2006இல் ஸ்காட் ரேனால்ட்ஸ் நெல்சன் என்ற வரலாற்றாசிரியர் வேறொன்றை முன்வைத்தார். வர்ஜீனியாச் சிறையில் இருந்த ஜான் வில்லியம் ஹென்றி என்கிற கைதிதான் இந்த ஹென்றி. ரயில்வே கம்பெனிக்கு வாடகைக்கு விடப்பட்ட கைதிகளில் ஒருவன். அவனைக் கொன்றது போட்டியல்ல, துளைப்பான்கள் கிளப்பிய பாறைத் தூள் என்பது அவர் வாதம். கதை அலபாமாவில் நடந்தது என்று சொல்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், விவாதம் முடியவில்லை. ஆனால் நெல்சனின் வாசிப்பில் கேள்வியே இடம் மாறிவிடுகிறது. கைதியும் எந்திரமும் எதிரெதிரே நிற்கவில்லை, பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். எந்திரத்தின் கழிவு கைதியின் நெஞ்சுக்குள் போயிற்று.

அதே காலத்தில் ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். 1857இல் தொடங்கிய மோன் செனி சுரங்கப்பாதையில் 1861 முதல் காற்றழுத்தத் துளைப்பான்கள் வேலை செய்தன. 1867இல் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1871இல் பாதை திறக்கப்பட்டது. துளைபோட எந்திரம், உடைக்க வெடி என்கிற பிரிவினை இப்படித்தான் நிலைத்தது. வெடித்த பிறகு கிடக்கும் பெரிய குண்டுக்கற்களை மறுபடி உடைப்பது, வெடி வைக்க முடியாத இடத்தில் உடைப்பது, இவை மட்டும் இன்னும் நூறு வருஷம் மனிதன் கையிலேயே இருந்தன. காற்றழுத்தக் கருவி அந்தக் கைக்கு என்ன செய்தது என்பதை ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் இந்தியானா மாநிலத்தின் பெட்ஃபர்டில் சுண்ணாம்புக்கல் செதுக்குவோரிடம் ஆராய்ந்து எழுதினார். குளிர் நாளில் விரல்கள் வெள்ளையாகி மரத்துப்போகும். அதிர்வால் வருவது.

தூளின் கதையில் 1930ஐத் தாண்டிப் போக முடியாது. மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் யூனியன் கார்பைடு நிறுவனத்துக்காக ஒரு நீர்ச் சுரங்கம் வெட்டப்பட்டது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத்தவர். பாறையில் சிலிக்கா மிகுதி. தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூள் அடங்கும், வேலை தாமதப்படும். காய்ந்த பாறையில் துளைத்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை சொன்ன சாவு எண்ணிக்கை 476. 1986இல் மார்ட்டின் செர்னியாக் என்ற மருத்துவர் கணக்கிட்டது 764. அந்த நிறுவனத்தின் பெயர் 1984 டிசம்பருக்குப் பிறகு நமக்கும் பழக்கமாகிவிட்டது. சிலிக்காவுக்கும் மீத்தைல் ஐசோசயனேட்டுக்கும் வேதியியலில் சம்பந்தமில்லை, கணக்குப்போடும் முறையில் இருக்கிறது.

எண்ணெயால் இயங்கும் உடைப்பானுக்கு வருவோம். பிரான்சின் பொக்லைன் கம்பெனி 1951இல் ஹைட்ராலிக் தோண்டும் எந்திரத்தைக் கொண்டுவந்தது. கம்பி வடத்தால் இழுபட்ட பழைய எந்திரங்களின் இடத்தை எண்ணெய் பிடித்தது. ஒரு வண்டிக்குள் அழுத்த எண்ணெய் ஓடத் தொடங்கிவிட்டால் அதை வேறு எதற்கும் திருப்பலாம். ஜெர்மனியில் க்ரூப் நிறுவனம் 1967 ஹனோவர் கண்காட்சியில் எச்.எம். 400 என்ற உடைப்பானை வைத்தது. வண்டியில் மாட்டும் ஹைட்ராலிக் பிரேக்கர்களில் தொடர் உற்பத்திக்கு வந்த முதல் மாதிரி என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். க்ரூப் என்றால் பீரங்கி. இரண்டாம் உலகப் போரில் அடிமை உழைப்பைப் பயன்படுத்திய குற்றத்துக்காக அதன் அதிபர் ஆல்ஃப்ரீட் க்ரூப்புக்கு 1948இல் நியூரம்பெர்கில் 12 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. 1951இலேயே வெளியே விட்டுவிட்டார்கள். பிரேக்கர் வெளிவந்த அதே 1967இல் அவர் இறந்தார். அந்தத் தொழில் பின்னர் 2002இல் அட்லஸ் காப்கோவுக்குப் போய், 2018இல் அதிலிருந்து பிரிந்த எபிராக் கையில் இருக்கிறது. முதலாளிகள் மாறும் கதையில் எனக்கு அதிக அக்கறையில்லை, அதனால் மேலே போகிறேன்.

இந்தியாவில் எல்&டி பொக்லைன் வந்து, பொக்லைன் என்பதே வண்டிக்குப் பெயராகிப்போனது. 1979இல் ஹரியானாவின் பல்லப்கரில் எஸ்கார்ட்ஸோடு கூட்டாக ஜேசிபி தொழிற்சாலை தொடங்கியது. பல்லப்கர் இருப்பது பரிதாபாத் மாவட்டம். 1982இல் பந்துவா முக்தி மோர்ச்சா உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியதும் அதே பரிதாபாத் மாவட்டத்துக் கல்குவாரிகளைப் பற்றித்தான். முன்பணத்துக்குக் கட்டுண்டு, குடிக்க நல்ல தண்ணீரில்லாமல், தூளுக்குள் வாழ்ந்த கொத்தடிமைகளைப் பற்றி. 1983 டிசம்பர் 16 தீர்ப்பில் பல உத்தரவுகளோடு இதுவும் இருந்தது: கல்லரைக்கும் எந்திரத்துக்கு மேலே தண்ணீர்ப் பீப்பாய் வைத்துத் தூவ வேண்டும், அல்லது தூளை உறிஞ்சும் கருவி பொருத்த வேண்டும். கொத்தடிமையும் ஹைட்ராலிக்கும் ஒரே மாவட்டத்தில், ஒரே காலத்தில். நிலப்பிரபுத்துவம் போய் முதலாளித்துவம் வரும் என்று கட்டம் கட்டமாக வரலாற்றை அடுக்கும் நம் தோழர்கள் இதை எந்தக் கட்டத்தில் வைப்பார்களோ தெரியவில்லை.

நான் இதற்குள் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு கல்குவாரிச் சங்கத்தில் பழக்கமான ஒரு இளைஞர், அப்பா அம்மா இரண்டு பேருமே குவாரியில் உழைத்தவர்கள், கடன் போட்டு ஒரு பழைய 20 டன் வண்டி வாங்கினார். பிரேக்கர் வாங்க வேண்டும். டீலர் கொடுத்த ஆங்கில அட்டவணையைக் கொண்டுவந்து, “தோழர், இத தமிழ்ல எழுதிக் குடுங்க. அவன் சொல்றது எதுவுமே எனக்குப் பிடிபடல” என்றார். ஃபூக்கோவைத் தமிழில் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் எனக்கு. சரி என்று உட்கார்ந்தேன். ஃபூக்கோ தேவலை.

அந்த அட்டவணையில் எல்லாமே ‘கிளாஸ்’தான். 20 டன் கிளாஸ் வண்டி, 2 டன் கிளாஸ் பிரேக்கர். வர்க்கம் என்று மொழிபெயர்த்து வைத்தால் ஆபரேட்டர்கள் சிரிப்பார்கள், நம்மாட்கள் கூட்டம் போட்டுவிடுவார்கள். வேடிக்கை ஒருபுறமிருக்க, இந்தக் கிளாஸ் என்கிற சொல்லுக்குப் பின்னால் ஒரு மோசடி இருந்திருக்கிறது. அமெரிக்கச் சந்தையில் பல வருஷம் பிரேக்கர்களை ‘இத்தனை ஆயிரம் அடி-பவுண்டு கிளாஸ்’ என்று விற்றார்கள். கேட்பவருக்கு ஓர் அடியின் ஆற்றல் அது என்று தோன்றும். உண்மையில் யாரும் அளந்து சொன்ன எண் அல்ல. போட்டிக் கம்பெனியின் எந்த மாடலுக்கு எதிராக இதை விற்கிறோம் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். பிறகு உற்பத்தியாளர் சங்கமே, உளியின்மேல் திரிபுமானி ஒட்டி, உளிக்குள் உண்மையில் எவ்வளவு ஆற்றல் போகிறது என்று அளக்கும் முறையைக் கொண்டுவர வேண்டியிருந்தது. எண் என்றாலே புறநிலை உண்மை என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அளக்கிறவன் யார், எதை அளக்கிறான், எதை அளக்காமல் விடுகிறான் என்று கேட்காதவரை எண்ணும் ஒரு சொல்லாடல்தான்.

அட்டவணை வண்டியின் எடையில் தொடங்குகிறது. பிரேக்கரின் எடை வண்டியின் எடையில் சுமார் 7 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது பொதுவான கைக்கணக்கு. 20 டன் வண்டிக்கு 1400 முதல் 2000 கிலோ, உளியின் விட்டம் 135, 140 மில்லிமீட்டர் சுற்றி. முன்னால் பக்கெட்டும் பின்னால் தோண்டுகையும் உள்ள 8 டன் வண்டிக்கு 300, 400 கிலோ, உளி 70 மில்லிமீட்டர் சுற்றி. பிரேக்கர் அளவுக்கு மீறிப் பெரிதானால் வண்டி அதைத் தாங்காது. கையை நீட்டினால் வண்டி குடை சாயப் பார்க்கும். உளியைப் பாறைமேல் அழுத்திப் பிடிக்க வண்டியின் கனம் போதாது. அழுத்தம் போதாவிட்டால் உளிக்கும் பாறைக்கும் நடுவே சந்து விழுந்து பிஸ்டன் வெற்றடி அடிக்கும். அப்படி அடித்தால் பிரேக்கரை இறுக்கிப் பிடித்திருக்கும் நீள போல்ட்டுகள்தான் முதலில் போகும். சிறிதானால் வேறு வினை. பாறை வாங்கிக்கொள்ளாத அடி திரும்பி வருகிறது. உளி, பின், புஷ், பூம் என்று வந்த வழியே ஏறி ஆபரேட்டரின் இடுப்பில் முடிகிறது.

எடை பொருந்தினால் மட்டும் போதாது. பிரேக்கர் கேட்கிற எண்ணெயை வண்டியின் பம்ப் கொடுக்க வேண்டும், கூடுதலாகவும் கொடுக்கக் கூடாது. பெரிய பம்பில் சின்ன பிரேக்கரை மாட்டினால் அடியின் எண்ணிக்கை ஏறும், எண்ணெய் கொதிக்கும், சீல்கள் கருகும். எண்ணெய் திரும்பும் குழாய் குறுகலாக இருந்தால் பின்னழுத்தம் ஏறி அடி மந்தமாகும். பழைய வண்டிகளில் இதை யாரும் அளந்து பார்ப்பதில்லை, பிரேக்கரைத்தான் திட்டுவார்கள். அப்புறம்தான் பாறை. உருண்டு கிடக்கும் குண்டை உடைக்கிறோமா, நிலத்தோடு ஒட்டிய பாறையைப் பெயர்க்கிறோமா என்பதற்கேற்ப உளியின் முனையே மாறும். குண்டுக்கு மொட்டை முனை. அது நழுவாமல் உட்கார்ந்து அதிர்ச்சியை உள்ளே அனுப்பும். பெயர்ப்பதற்குக் கூர்முனை அல்லது பட்டை முனை. பாறை எவ்வளவு கடினம் என்பதற்கு அட்டவணையில் மூன்றே கட்டங்கள்: மென்மை, நடுத்தரம், கடினம். பாறையைப் பற்றி அவ்வளவுதான் பேச்சு.

இங்கேதான் எனக்கு ஒரு பெரியவர் ஞாபகம் வருகிறார். போயர் சமூகம். கிணறு வெட்டி, கல் உடைத்தே வயசானவர். சங்கத்து வாசலில் உட்கார்ந்து இந்த அட்டவணைப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்: “எத்தன அடிங்கறது கணக்கு இல்ல தம்பி. கல்லு எந்தப் பக்கம் வாய் தொறக்கும்னு பாக்கணும். அந்தப் பக்கமா வரிசையா குழி போட்டு, ஆப்பு எறக்கி, கனமான சம்மட்டியில நாலு போட்டாப் போதும், ரெண்டாப் போயிரும். அது தெரியாதவன் சின்னச் சுத்தியல வெச்சிக்கிட்டு நாளெல்லாம் தட்டுவான். தூளுதான் வரும்.”

அட்டவணையின் மொத்த சாரமும் இதில் இருக்கிறது, அட்டவணையில் இல்லாததும் இருக்கிறது. அடியின் எண்ணிக்கையைவிட அடியின் கனம் முக்கியம் என்பது இரண்டுக்கும் பொது. கல்லுக்குப் பிளக்கிற பக்கம் ஒன்று உண்டு என்பது பெரியவரிடம் மட்டும் இருக்கிறது. நல்ல ஆபரேட்டர்கள் இதைத் தங்கள் போக்கில் மறுபடி கண்டுபிடிக்கிறார்கள். ஒரே இடத்தில் அரை நிமிடத்துக்கு மேல் அடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். உளி நகராவிட்டால் இடத்தை மாற்றுவார்கள், விளிம்பிலிருந்து உள்ளே வருவார்கள். நடுவில் குத்திக்கொண்டே இருந்தால் உளியின் முனை சூடேறிப் பதம் போய்க் காளான்போல விரிந்துவிடும் என்று கையேடுகளும் எச்சரிக்கின்றன. அது உளிக்கான எச்சரிக்கை.

ஹாரி பிரேவர்மன் 1974இல் எழுதிய நூலில், சிந்திப்பதும் செய்வதும் பிரிக்கப்படுவதுதான் முதலாளித்துவ உழைப்பின் அடிப்படைப் போக்கு என்று வாதிட்டார். நம் சூழலில் இதை அப்படியே பொருத்திவிட முடியாது. இங்கே செய்கிறவனுக்குச் சிந்தனை உண்டு என்று முதலில் யார் ஒப்புக்கொண்டார்கள்? 1909இல் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளாகப் போட்டபோது கல் ஒட்டர், மண் ஒட்டர் என்று பிரித்து எழுதினார். குலப்பிரிவு, கல்யாணம், சடங்கு என்று விரியும் அந்தப் பக்கங்களில் கல்லைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்பது அவருக்கு ஆர்வமூட்டிய விஷயமாகத் தெரியவில்லை. 1871இன் குற்றப் பழங்குடிச் சட்டம் 1911க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் கல் ஒட்டர் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அணையும் கிணறும் ரயில் பாதையும் வெட்டியவர்களின் அறிவு அரசு ஆவணத்தில் பதிவான விதம் இது. பிரேவர்மன் சொல்லும் பிரிவினையை எந்திரம் இங்கே புதிதாகக் கொண்டுவரவில்லை. சாதி ஏற்கனவே போட்டு வைத்திருந்த கோட்டின்மேல் எந்திரம் வந்து உட்கார்ந்தது.

பழைய வேலையை நான் கொண்டாடுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியவரின் சம்மட்டி முன்பணக் கடனுக்குக் கட்டுப்பட்ட சம்மட்டி. அவர் மனைவியும் மகளும் வெயிலில் உட்கார்ந்து ஜல்லி உடைத்தவர்கள். எந்திரம் வந்ததால் ஒரு கொடுமை ஒழிந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கக் காலத்தில், அதுவரை காண்ட்ராக்டர்களிடம் இருந்த கல்குவாரிகள் பெண் தொழிலாளர் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. உளியும் சம்மட்டியும் போதும் என்கிற நிலையில்தான் அப்படியொரு குத்தகை சாத்தியம். 20 டன் வண்டியும் பிரேக்கரும் கிரஷரும் இல்லாமல் குவாரி எடுக்க முடியாது என்று ஆகிவிட்டால், யாருக்கு வங்கி கடன் கொடுக்குமோ அவருக்குத்தான் குவாரி. எந்திரத்தின் குறைந்தபட்ச அளவு உடைமையின் குறைந்தபட்ச அளவாகவும் மாறிவிடுகிறது.

இளைஞரின் கதைக்குத் திரும்புகிறேன். டீலர் அவருக்குத் தள்ளியது 100 மில்லிமீட்டர் உளி போடும் பிரேக்கர். அது 10 முதல் 14 டன் வரையிலான வண்டிக்கானது. “விலை கம்மி, உளி கம்மி, டீசல் கம்மி. எண்ணெயைக் கொஞ்சம் அடைச்சு வெச்சா ஓடும்” என்றாராம். தவணை நெருக்கடியில் இருக்கிறவனுக்கு மூன்று ‘கம்மி’ போதும். அவர் வாங்கிவிட்டுத்தான் அட்டவணையோடு என்னிடம் வந்திருந்தார்.

ஆனால் டீலரின் தந்திரம் என்று மட்டும் இதைக் குறுக்கிவிடக் கூடாது. வாடகை பேசும் முறைக்குள் இதன் காரணம் இருக்கிறது. மணிக் கணக்கில் வாடகை என்றால் வண்டிக்காரருக்குச் சின்ன பிரேக்கர் நஷ்டமே இல்லை. கல் மெதுவாக உடையட்டும், மீட்டர் ஓடும். காண்ட்ராக்டர் இதைத் தெரிந்துகொண்டு, “உளி எத்தனை எம்மெம்?” என்று கேட்டுத்தான் வண்டியைக் கூப்பிடுகிறார். லோடு கணக்கு என்றால் நேரெதிர். அப்போது வண்டிக்கு ஆகாத பெரிய பிரேக்கரை மாட்டிப் பூம் விரிசல் விடும் வரை அடிப்பார்கள். பாறையின் தன்மையோ வண்டியின் பம்போ தீர்மானிக்க வேண்டிய அளவை, மணியா லோடா என்கிற பேச்சு தீர்மானிக்கிறது. மார்க்ஸ் நேரக்கூலியையும் துண்டுக்கூலியையும் தனித்தனி அத்தியாயமாக எழுதியிருக்கிறார். இரண்டுமே கூலியின் வடிவங்கள்தான் என்பது அவர் கட்சி. இந்த இரண்டு வடிவங்களும் இரண்டு விதமான பிரேக்கராக உருவெடுத்து நிற்பதைக் குவாரியில் பார்க்கலாம். இரண்டிலும் ஆபரேட்டரின் சம்பளம் மாறுவதில்லை.

அவருடைய வண்டியை ஓட்டியவர் சேலத்துப் பக்கத்துப் பையன். கேபினில் ஏ.சி. செத்துப்போய் நாளாகிறது. நான் போய்ப் பார்த்த அன்று புருவமெல்லாம் வெளுத்திருந்தது. “கதவச் சாத்துனா வெந்துருவேன்ணே. தொறந்தா மாவு. இந்தக் கல்லுக்கு இது பத்தாதுன்னு மொத நாளே சொன்னேன். ஓனர்அண்ணன் தவணை முடியட்டும்ங்கறாரு.” பிளக்காத பாறைமேல் வண்டியின் முன்பக்கமே தூக்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். அழுத்த அழுத்த உளி உள்ளே இறங்குவதுபோலத் தெரியும். இறங்குகிற ஓட்டையிலிருந்து வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. கீழே ஹெல்ப்பர் துண்டை மூக்கில் கட்டியிருந்தான். துண்டு நூலிழைகளுக்கு நடுவே புகாத பெரிய துகளால் ஆபத்தில்லை. கண்ணுக்கே தெரியாத, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுள்ள துகள்தான் நுரையீரலின் அடிவரை போவது. சிலிகோசிஸ் தெரியவே வருஷங்கள் ஆகும். தெரிந்த பிறகு குணப்படுத்த வழியில்லை. அதற்குள் பையன் எத்தனை ஓனரிடம் வேலை பார்த்திருப்பான், எந்த ஓனர் பொறுப்பு என்று எந்த மன்றத்தில் நிரூபிப்பது? சுரங்கச் சட்டம் 1952இலேயே வந்தது, சிலிகோசிஸ் அறிவிக்கப்பட்ட நோய். ராஜஸ்தான் அரசு 2019இல் இந்த நோய்க்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது, அங்கே சாவு அவ்வளவு. ஆனால் தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் போடும் பிரேக்கரையும், வீட்டு அஸ்திவாரத்துக்குப் பாறை உடைக்கும் பிரேக்கரையும் சுரங்கம் என்று யார் சொல்வார்கள்?

அட்டவணையைத் தமிழில் முடித்தோம். முடித்தோம் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம், ஆபரேட்டர்கள் நாலைந்து பேரும் அந்தப் பெரியவரும் உட்கார்ந்து திருத்தியதுதான். வண்டி எடை, பம்ப் தரும் எண்ணெய், பின்னழுத்தம், உளி விட்டம், முனை வகை எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தபடியே. பாறைக்கான மூன்று கட்டங்களை அவர்கள் ஏழாக்கினார்கள். ஊர்ப்பேர் போட்டு, இந்த ஊர்க் கல் இப்படி, அந்த ஊர்க் கல் அப்படி என்று. சார்னோக்கைட் என்கிற பெயரை அடித்துவிட்டுப் பல்லாவரம் கல் என்று எழுதினார்கள். இன்னொரு கட்டத்தையும் சேர்த்தார்கள்: எத்தனை விநாடிக்குள் விரிசல் விடாவிட்டால் அந்த பிரேக்கர் அந்தக் கல்லுக்கு ஆகாது, வண்டியை நிறுத்தலாம் என்பது. பதினைந்தா முப்பதா என்று ஒரு சாயந்தரம் முழுக்கச் சண்டை. முப்பதில் நின்றது. நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஆபரேட்டருக்கு என்று அதில் எழுதியபோது, வண்டி வைத்திருக்கும் இருவர் எழுந்து போய்விட்டார்கள். நம் இளைஞர் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் கட்டம் தண்ணீர். உளி படும் இடத்தில் தண்ணீர் தூவ பல பிரேக்கர்களில் வழியே இருக்கிறது, குழாய் மாட்டினால் போதும். 1983 தீர்ப்பின் பீப்பாயைவிடச் சுலபம். டேங்கர் தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது, மணி வாடகைக்குள்ளா வெளியிலா என்று காண்ட்ராக்டர்களோடு பேச்சு நடக்கிறது. கோடையில் குடிக்கவே தண்ணி இல்ல, கல்லுக்கு ஊத்தச் சொல்றீங்களே என்று போன வாரம் ஒருவர் கேட்டார். அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.